பொடியில் நெருப்பு ஓடும் வேகம்: 4.1 வகைப்பாட்டுச் சோதனையைச் செய்வது எப்படி

கேட்கப்பட்டது சுருக்கமாக இது: மதுரை பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டையில் பிசின் பொடி அரைத்துத் தூத்துக்குடி வழியாக அனுப்பும் சிறு யூனிட். தட்டில் கொஞ்சம் கொட்டித் தீக்குச்சி வைத்துப் பார்த்தார்கள். பிடித்து, உடனே அணைந்துவிட்டது. எம்எஸ்டிஎஸ்-ல் (பொருளின் பாதுகாப்புத் தகவல் தாள்) "எரியாது" என்று எழுதினார்கள். கிளியரிங் ஏஜென்ட் ஏற்கவில்லை. ஆபத்துச் சரக்கு விதிகளில் எளிதில் தீப்பற்றும் திடப்பொருளுக்கான 4.1 வகையில் வருமா வராதா என்று சோதனை அறிக்கை கேட்கிறார். அது என்ன சோதனை, நாமே செய்துகொள்ளலாமா?

ஏஜென்ட் கேட்டது சரிதான். தீக்குச்சி வைத்துப் பார்ப்பதில் எதுவும் தெரியாது. குச்சியின் சுடர் சில நொடிதான் நிற்கும், அதன் சூடு குவியலுக்குள் இறங்காது. பொடியைத் தட்டில் பரப்பிவிட்டால் தட்டே சூட்டை வாங்கிக்கொள்ளும். அப்படிப் பார்த்து அணைந்த பொடி, கரைபோல நீளமாகக் குவித்து ஒரு முனையில் நல்ல சூட்டில் கொளுத்தினால் மறுமுனை வரை ஓடலாம். விதிமுறை கேட்பதும் அதைத்தான்: ஒரு முனையில் பற்றிய நெருப்பு தானாக ஓடுகிறதா, எந்த வேகத்தில் ஓடுகிறது, கொஞ்சம் தண்ணீர் குறுக்கே இருந்தால் நிற்கிறதா? ஐ.நா.வின் சோதனைகள், அளவுகோல்கள் கையேட்டில் இதற்குப் பெயர் என்.1. ஐரோப்பாவின் ஏ.10 முறையும் ஏறக்குறைய இதே வடிவம்தான்.

ஆனால் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்தச் சோதனை வெடிக்கும் பொருளுக்கானது அல்ல. நைட்ரோ, அசைடு, பெராக்சைடு போன்ற தொகுதிகள் மூலக்கூறில் இருந்தால் முதலில் டிஎஸ்சி கருவியில் (சூடாக்கும்போது வெளிவரும் வெப்பத்தை அளப்பது) சில மில்லிகிராம் வைத்து, சிதையும்போது எவ்வளவு ஆற்றல் வெளிவருகிறது என்று பார்க்க வேண்டும். கிராமுக்கு 500 ஜூலுக்குக் கீழே என்றால் வெடிபொருள் சோதனைப் பட்டியல் பொதுவாகத் தேவைப்படாது. அதற்கு மேல் என்றால் என்.1-ஐத் தொடவே கூடாது, வேறு பட்டியலில் தொடங்க வேண்டும். நம் பக்கத்தில் இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. சிவகாசி, சாத்தூர் பக்கம் குளோரேட், நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பொடி எல்லாம் சாதாரணமாகக் கைக்குக் கை மாறும் சரக்கு. ஆக்சிஜன் தரும் உப்பும் எரியும் பொடியும் கலந்த எதையும் 250 மி.மீ. கரையாகக் குவித்துக் கொளுத்துவது சோதனை இல்லை, விபத்து. குளோரேட்டும் கந்தகமும் கலந்த கலவைக்கு 1992-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. தெரியாத பொடி என்றால் கரண்டி நுனியில் ஒரு சிட்டிகைக்கும் குறைவாக எடுத்து, தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சுடரில் காட்டிப் பாருங்கள். பளிச்சென்று பொரிந்தாலோ சத்தம் வந்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

காற்றுப் பட்டதும் பற்றும் பொருள், தண்ணீர் பட்டதும் எரிவாயு விடும் பொருள் இரண்டும் முன்பே கழிய வேண்டும். முதலாவதற்கு என்.2: 1 முதல் 2 மி.லி. பொடியை 1 மீட்டர் உயரத்திலிருந்து எரியாத தரையில் கொட்டி, விழும்போதோ விழுந்த 5 நிமிடத்துக்குள்ளோ பற்றுகிறதா என்று ஆறு முறை பார்ப்பது. இரண்டாவதற்கு என்.5. பிசின் பொடிக்கு இவை பெயரளவுக்குத்தான். பூசாத அலுமினியப் பொடிக்கு அப்படி இல்லை, அது 4.3 வகைக்கே போய்விடும்.

இனி என்.1. இதில் இரண்டு கட்டம்.

முதல் கட்டம் சலித்தெடுக்கும் சோதனை, அதாவது ஸ்கிரீனிங்; சல்லடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சூட்டைக் கடத்தாத, எதையும் உறிஞ்சாத, குளிர்ந்த பலகையின் மேல் பொடியை 250 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 10 மி.மீ. உயரத்துக்கு இடைவெளி இல்லாமல் குவிக்க வேண்டும். கேஸ் பர்னரின் வாய் குறைந்தது 5 மி.மீ. விட்டம், சுடர் குறைந்தது 1000 டிகிரி செல்சியஸ். ஒரு முனையில் பற்றும் வரை, அதிகபட்சம் 2 நிமிடம் காட்டுங்கள். உலோகப் பொடி என்றால் 5 நிமிடம். அதன்பின் 2 நிமிடத்துக்குள் 200 மி.மீ. தூரம் நெருப்பு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். உலோகப் பொடிக்கு இந்த அவகாசம் 20 நிமிடம். சுடரோடு எரிவது மட்டுமில்லை, சுடரில்லாமல் கனன்று போவதும் ஓட்டம்தான். பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள்: சுடர் அணைந்ததும் "அணைந்துவிட்டது" என்று எழுதிவிடுவார்கள், உள்ளே தணல் நகர்ந்துகொண்டே இருக்கும். 200 மி.மீ. ஓடவில்லை என்றால் வேலை முடிந்தது, 4.1 இல்லை. ஓடினால்தான் இரண்டாம் கட்டம்.

சலிப்பில் தப்பாத எல்லாமே 4.1 ஆகிவிடாது. 2 நிமிடத்தில் 200 மி.மீ. என்றால் விநாடிக்கு சுமார் 1.7 மி.மீ. இரண்டாம் கட்டத்தின் கோடு விநாடிக்கு 2.2 மி.மீ. இடையில் விழும் பொருள்கள் இருக்கின்றன. சலிப்பில் ஓடியதைப் பார்த்ததுமே 4.1 லேபிள் ஒட்டிவிட்டால் காலத்துக்கும் அதற்கான சரக்குக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டாம் கட்டத்துக்கு ஓர் அச்சு வேண்டும். 250 மி.மீ. நீளம், குறுக்குவெட்டு முக்கோணம், உள்ளளவில் 10 மி.மீ. ஆழம், 20 மி.மீ. அகலம். நீளவாக்கில் இரண்டு பக்கமும் தகடுகள், அச்சின் மேல் விளிம்பைவிட 2 மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். மதுரையில் எந்த லேத் பட்டறையிலும் செய்து தருவார்கள். கோணம் பிசகாமல் இருக்கிறதா, உள்பக்கம் வழவழப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், சொரசொரப்பாக இருந்தால் கவிழ்க்கும்போது பொடி ஒட்டிக்கொண்டு கரை உடையும்.

விற்கும் நிலையிலேயே பொடியைத் தளர்வாக நிரப்புங்கள். விரலால் அமுக்கக் கூடாது. கெட்டியான தரையில் 20 மி.மீ. உயரத்திலிருந்து மூன்று முறை அச்சைப் போடுங்கள், அவ்வளவுதான் இறுக்கம். பிறகு பக்கத் தகடுகளைக் கழற்றி, மேலே பலகையை வைத்து, இட்லித் தட்டைக் கவிழ்ப்பதுபோல ஒரே வீச்சில் திருப்பி அச்சை எடுத்துவிட வேண்டும். பசை போன்ற பொருளுக்கு அச்சு வேண்டாம், 250 மி.மீ. நீளத்துக்கு, 100 சதுர மி.மீ. குறுக்குவெட்டுள்ள கயிறுபோல இழுத்துவிட்டால் போதும். ஈரம் இழுக்கும் பொருளை டப்பாவிலிருந்து எடுத்த கையோடு முடித்துவிட வேண்டும்.

அச்சின் கொள்ளளவு 25 மி.லி. பொடியின் அடர்த்தி மி.லி.க்கு அரை கிராம் என்று வைத்தால் ஒரு முறைக்கு 12 அல்லது 13 கிராம். ஆறு முறைக்கு 75 கிராம். சலிப்புச் சோதனை, கவிழ்க்கையில் உடைவது எல்லாம் சேர்த்து 200 கிராம் எடுத்து வைத்தால் நெருக்கடி இல்லை. அது ஒரே லாட்டிலிருந்து, மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்ததாக இருக்கட்டும். லாரியில் குலுங்கிய மூட்டையில் பொடிசு அடிக்குப் போயிருக்கும்.

பலகையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், முடிவைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான். கடப்பாக் கல்லோ கிரானைட் துண்டோ கையருகே கிடைக்கும் என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். கல் சூட்டை நன்றாகவே கடத்தும், அடியிலிருந்து நெருப்பின் சூட்டை உறிஞ்சி ஓட்டத்தைத் தடுக்கும். இரும்புத் தகடு அதைவிடப் பல மடங்கு மோசம். அந்த முடிவு உங்களுக்குச் சாதகமாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும். கால்சியம் சிலிகேட் போர்டு போன்றது சரி. ஆனால் உருகும் பொருளுக்கு அதிலும் ஒரு சிக்கல். உங்கள் பிசின் உருகி போர்டுக்குள் இறங்கினால் போர்டே திரிபோல வேலை செய்யும். மேற்பரப்பு அடர்த்தியாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், ஒருமுறை பயன்படுத்தியதை மறுபடி எடுக்காதீர்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் சுத்தமான, குளிர்ந்த பலகை என்பது விதி. ஆகவே ஆறு பலகை வெட்டி அடுக்கி வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஒரே பலகையைத் துடைத்துத் துடைத்துச் செய்தால் நான்காவது ஓட்டம் முதலாவதைவிட வேகமாகப் போகும், ஏனென்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

ஃப்யூம் ஹூட்டுக்குள் (புகையை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டு) கரையைக் காற்றோட்டத்துக்குக் குறுக்காக வையுங்கள். நீளவாக்கில் வைத்தால் காற்றே நெருப்பைத் தள்ளிக்கொண்டு போகும். புகை அறைக்குள் வராத அளவுக்கு இழுவை இருந்தால் போதும். ஒருமுறை வைத்த வேகத்தைச் சோதனை முடியும் வரை மாற்றக் கூடாது. சுற்றிலும் தடுப்பு வைத்துக்கொள்ளலாம். ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, மேலே ஃபேனையும் சுழலவிட்டு எடுத்த அளவுக்கு மதிப்பே கிடையாது.

ஹூட் இல்லாமல் கொட்டகையில் செய்யலாமே என்று தோன்றும். கந்தகத்தை வைத்து ஒரு கணக்கு: 25 கிராம் முழுதாக எரிந்தால் 50 கிராம் சல்ஃபர் டை ஆக்சைடு. 30 கனமீட்டர் அறைக்குள் அது நின்றால் 600 பிபிஎம்-ஐ (காற்றில் பத்து லட்சத்தில் 600 பங்கு) தாண்டும். அந்த வாயுவில் உடனடி உயிராபத்து என்று குறிக்கப்படும் அளவு 100 பிபிஎம். பிவிசி கலந்த பொடி ஹைட்ரஜன் குளோரைடு விடும். பிசின் கறுப்புப் புகையாகக் கக்கும்.

கரையில் அளவுக் குறிகள் இப்படி: கொளுத்தும் முனையிலிருந்து 80 மி.மீ.யில் ஒன்று, 180 மி.மீ.யில் ஒன்று. முதல் 80 மி.மீ. கணக்கில் சேராது, அது நெருப்பு நிதானத்துக்கு வருவதற்கான தூரம். அடுத்த 100 மி.மீ.க்குத்தான் நேரம். அதற்கு அப்பால் 30 முதல் 40 மி.மீ. தள்ளி, அதாவது முனையிலிருந்து 210, 220 மி.மீ. பக்கம், 1 மி.லி. நனைப்பு நீர். கரையின் முகட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு, அடிவரை குறுக்குவெட்டு முழுவதும் நனைய வேண்டும், ஆனால் பக்கவாட்டில் வழியக் கூடாது, நீளவாக்கிலும் பரவக் கூடாது. உலோகப் பொடிக்கு இந்த நனைப்பு கிடையாது.

பிசின், கந்தகம், ஸ்டியரேட் போன்றவற்றில் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடிவிடும். அப்போது நனைப்பான் சேர்க்கலாம், ஆனால் கரைசலில் அதன் மொத்த அளவு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எரியும் கரைப்பான் எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஸ்பிரிட் கலந்து நனைப்பது எரிய வைக்கத்தான் உதவும். பாத்திரம் துலக்கும் திரவத்தில் என்னென்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஆய்வகத் தரச் சோடியம் லாரில் சல்ஃபேட் வாங்குவது நல்லது. அப்படியும் உருண்டால், முகட்டில் 3 மி.மீ. ஆழம், 5 மி.மீ. விட்டத்துக்குள் ஒரு சிறு குழி பறித்து அதில் விடலாம்.

கொளுத்துவதற்குச் சிறு சுடரோ 1000 டிகிரிக்குக் குறையாத சூட்டுக் கம்பியோ போதும். சுடரை மேலிருந்து ஊதுவதுபோல் காட்டினால் பொடி பறக்கும், பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். சிலிண்டர் கேஸில் மஞ்சள் சுடர் வந்தால் காற்றுத் துளையைத் திருத்தி நீலத்துக்குக் கொண்டுவாருங்கள். நேரத்தைக் கையால் மட்டும் எடுக்காமல் செல்போனை ஸ்டாண்டில் வைத்து, அளவுகோலும் தெரியும்படி வீடியோ எடுத்துவிட்டால் பிறகு தகராறு வராது. கந்தகத்தின் நீலச்சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கனன்று மட்டும் போகும் பொடிக்கு இரண்டு குறிகளிலும் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) செருகினால் வெப்பம் தாண்டிய நொடி தெரியும்.

முடிவு படிக்கும் விதம். 100 மி.மீ.யை 45 விநாடிக்குள் கடந்தால், அல்லது வேகம் விநாடிக்கு 2.2 மி.மீ.க்கு மேல் இருந்தால், அது 4.1. நனைந்த இடம் நெருப்பைக் குறைந்தது 4 நிமிடம் நிறுத்தினால் பேக்கிங் குரூப் 3 (ஆபத்தின் அளவைக் காட்டும் எண், எண் குறைந்தால் ஆபத்து அதிகம்). நிறுத்தாமல் தாண்டினால் 2. வேதிப்பொருள் லேபிள் முறையில் இவை முறையே இரண்டாம் வகை, முதல் வகை. இரண்டுக்கும் ஆபத்து வாசகம் எச்228, சமிக்ஞைச் சொல் மட்டும் "எச்சரிக்கை", "அபாயம்" என்று மாறும். ஆறு முறை செய்ய வேண்டும், முன்பே ஒன்று எதிராக வந்துவிட்டால் அங்கேயே நிறுத்தலாம். சராசரி எடுக்கவே கூடாது. ஐந்து ஓட்டம் 50 விநாடி, ஒன்று 43 விநாடி என்றால் அந்த ஒன்றுதான் முடிவு. "ஆவரேஜ் 48.8, பாஸ்" என்று எழுதிய அறிக்கையைக் கண்டால் அந்த ஆய்வகத்தை நம்ப வேண்டாம்.

நனைந்த இடத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மேலே சுடர் நின்று, அடியில் நனையாத கீற்று வழியாகத் தணல் நழுவி, மூன்றாவது நிமிடம் மறுபக்கம் தலைகாட்டும். அதற்கு அப்பால் 30 மி.மீ. கரைதான் மிச்சம், கண்ணை எடுத்தால் தவறிவிடும்.

உலோகப் பொடியில் கணக்கு வேறு. முழு நீளமும் 10 நிமிடத்துக்குள் எரிந்தால் 4.1, 5 நிமிடமும் அதற்குள்ளும் என்றால் குரூப் 2, 5-க்கு மேல் 10 வரை குரூப் 3. மெக்னீசியம் எரியும் ஒளியை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், வெல்டிங் கண்ணாடி வேண்டும். அணைக்கக் காய்ந்த மணலும் உலோகத் தீக்கான டி வகை அணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் அதில் நிலைமையை மோசமாக்கும்.

உருகும் பொருளில் இன்னொரு தொல்லை. உங்கள் பிசினும் அந்த ரகம்தான். நெருப்பு முகத்துக்கு முன்னாலேயே கரை உருகிச் சரிந்து, குட்டையாகித் தேங்கும். சில ஓட்டத்தில் உருகியது முன்னோக்கி ஓடி நெருப்பையும் இழுத்துக்கொண்டு போகும், சிலவற்றில் தேங்கி மூச்சு முட்டி அணையும். ஆறு முடிவும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வரும். பலகை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும், உருகி ஓடியதை அறிக்கையில் அப்படியே எழுதுவதும்தான் செய்யக்கூடியது.

பொடியின் ஈரத்தையும் உலர்வையும் மறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் திறந்து கிடந்த பொடி மெதுவாக எரியும். அதே பொடி சித்திரை வெயிலில் குடோன் தகரக் கொட்டகையில் கிடந்தபின் வேகமாக ஓடும். மழைக்கால மாதிரியில் 47 விநாடி வந்ததென்று நிம்மதி அடைய வேண்டாம். ஈர அளவைச் சோதனை நாளிலேயே அளந்து அறிக்கையில் போடுங்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் பொருளை விற்பனை வரம்பில் மிகக் காய்ந்த நிலையில் சோதிப்பதே நேர்மை. கரைப்பான் எச்சம் அதைவிட வில்லங்கம். உலர்த்தாத டொலுயீனோ அசிட்டோனோ கொஞ்சம் தங்கியிருந்தால் பொடியின் மேல் ஆவிதான் எரிந்து ஓடும். அப்படிப்பட்ட சரக்கு எரிதிரவம் கலந்த திடப்பொருள் என்று யுஎன் 3175-க்கே (ஐ.நா.வின் ஆபத்துச் சரக்குப் பட்டியல் எண்) போகக்கூடும்.

எந்த வடிவத்தில் சோதித்தீர்களோ அந்த வடிவத்துக்குத்தான் முடிவு. இதற்கு நல்ல சாட்சி கந்தகம். பொடிக் கந்தகம் யுஎன் 1350, 4.1. அதையே குருணை, வில்லை, செதில் என்று வடிவம் கொடுத்து அனுப்பினால் சிறப்பு விதி 242-ன்படி ஆபத்துச் சரக்கு விதியே பொருந்தாது. பொருள் அதேதான், பரப்பளவுதான் மாறுகிறது. ஆகவே நீங்கள் 60 மெஷ் பொடியை (சல்லடை அளவு, எண் கூடினால் பொடி நைசு) சோதித்துவிட்டு அந்தத் தாளை 200 மெஷ் சரக்குக்கும் காட்ட முடியாது. சல்லடைப் பகுப்பை அறிக்கையோடு இணைக்கச் சொல்லுங்கள். மாறாக, ஆபத்துச் சரக்குப் பட்டியலில் பெயரோடு இருக்கும் பொருளுக்குச் சோதித்து அலைய வேண்டாம். அம்மன் சன்னதி வாசலில் விற்கும் சூடம் செயற்கைக் கற்பூரம் என்றால் யுஎன் 2717, நாப்தலீன் உருண்டை யுஎன் 1334, இரண்டும் 4.1, குரூப் 3. உரசினால் பற்றும் தீப்பெட்டி வகையறாவுக்கும் இந்தக் கரைச் சோதனை இல்லை, பட்டியலில் இருப்பவற்றோடு ஒப்பிட்டே வகைப்படுத்துகிறார்கள்.

கிளியரிங் ஏஜென்ட் கேட்காத ஒன்றும் இருக்கிறது. என்.1-ல் தேறிவிட்டால் உங்கள் அரவை அறை பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. மைதாவும் சர்க்கரைத் தூளும் 4.1 சரக்கு இல்லை, ஆனால் காற்றில் தூசியாகப் பறக்கும்போது வெடிக்கும். குவியலில் எரிவதும் மேகமாக எரிவதும் வேறு வேறு. அதற்குக் குறைந்தபட்சப் பற்றவைப்பு ஆற்றல், 20 லிட்டர் கோளத்தில் அழுத்த உயர்வு என்று தனிச் சோதனைகள். பிசின் அரைப்பவருக்கு ஏற்றுமதித் தாளைவிட அதுதான் முதல் கவலையாக இருக்க வேண்டும்.

நாமே செய்யலாமா என்றால், உள்ளறிவுக்குச் செய்யலாம். வெடிதன்மை கழித்த பிறகு, ஹூட், ஆறு பலகை, அச்சு, மணல் வாளி, முகக் கவசம் எல்லாம் இருந்தால் சலிப்புச் சோதனையைச் செய்து, 200 மி.மீ. ஓடுகிறதா என்று பார்த்துவிட்டால் ஆய்வகச் செலவு தேவையா என்பதே தெரிந்துவிடும். ஆனால் ஏஜென்டிடம் கொடுக்கும் தாள் வெளி ஆய்வகத்தினுடையதாக இருக்க வேண்டும். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) முத்திரை மட்டும் பார்க்காமல், அங்கீகார வரம்புப் பட்டியலில் என்.1 சோதனை இருக்கிறதா என்று கேளுங்கள். மாதிரியோடு லாட் எண், சல்லடைப் பகுப்பு, ஈரம், கரைப்பான் எச்சம் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். ஆறு ஓட்டத்தின் நேரமும் தனித்தனியாக அறிக்கையில் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முடிவு 4.1 என்று வந்தால், பெயர் பட்டியலில் இல்லாத கரிமப் பொருளுக்கு யுஎன் 1325, கனிமத்துக்கு 3178, உலோகப் பொடிக்கு 3089. எம்எஸ்டிஎஸ்-ன் 2, 9, 14 ஆகிய மூன்று பிரிவுகளையும் சேர்த்துத் திருத்துங்கள். 14-ஐ மட்டும் மாற்றிவிட்டு 9-ல் "எரியாது" என்றே விட்டுவைத்தால் ஏஜென்ட் மறுபடி திருப்பி அனுப்புவார். மூட்டைக்கு வெள்ளையில் ஏழு சிவப்பு நெடுங்கோடு போட்ட சாய்சதுர லேபிள். துறைமுகம் வரை போகும் லாரி டிரைவர் கையில் டிரெம் கார்டு (விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அவசரக் குறிப்பு அட்டை). இல்லை என்று வந்தால், "எரியாது" என்ற சொல்லை அடித்துவிட்டு, "என்.1 சலிப்புச் சோதனையில் 2 நிமிடத்தில் 200 மி.மீ. பரவவில்லை, 4.1 வகையில் சேராது" என்று எழுதுங்கள். உங்கள் பிசின் எரியும் பொருள்தான், அந்த வாக்கியம் அதை மறைக்காது.